இரகசிய வாக்கும் வேட்பாளராக நிற்கும் துணிவும்

(பொம்மசந்திரா தொழிற்பேட்டைப் பகுதியின் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தொழிற்சங்க அங்கீகாரத்திற்கும் சங்க நிர்வாகிகள் தேர்வுக்கும் இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்பது இடதுசாரித் தொழிற்சங்க இயக்கத்தின் நெடுநாளைய கோரிக்கை. அந்தக் கோரிக்கை இன்றும் சரியானதே. ஆனால், பொம்மசந்திராவிலும் ஜிகணியிலும் அத்திப்பள்ளியிலும் ஆலைகளுக்குள் வேலை செய்யும் தோழர்கள் வேறொரு கேள்வியையும் எதிர்கொள்கிறார்கள். வாக்களிக்க ஆள் இருக்கிறது. நிற்பதற்கு ஆள் இல்லை. இரகசியமாக வாக்களிக்கச் சொன்னால் நூறு பேர் வருகிறார்கள். வேட்பு மனுவில் கையெழுத்திடச் சொன்னால் பத்துப் பேர்கூட வருவதில்லை. இது ஏன்?

இதைத் தனிமனிதரின் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. இரகசிய வாக்கு என்ற சீர்திருத்தம் வாக்காளருக்குத் திரை கட்டுகிறது. வேட்பாளருக்கு அத்தகைய திரை எதுவும் இல்லை. அவருடைய பெயர் சுவரில் ஒட்டப்படுகிறது, வாக்குச்சீட்டில் அச்சாகிறது, நிர்வாகத்தின் மேசைக்கும் போய்ச் சேருகிறது. எனவே, இரகசிய வாக்கு வந்த இடங்களில் எல்லாம் யார் வேட்பாளராக நிற்கத் துணிந்தார்கள், யார் தடுக்கப்பட்டார்கள், எவ்வகைப் பாதுகாப்புகள் அவர்களுக்குத் துணை நின்றன என்பதைத் தனியே ஆராய வேண்டியிருக்கிறது.

சாசன இயக்கம் கண்ட உண்மை

1838ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொழிலாளர்கள் வெளியிட்ட மக்கள் சாசனத்தில் ஆறு கோரிக்கைகள் இருந்தன. வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, இரகசிய வாக்கெடுப்பு, சமமான தொகுதிகள், ஆண்டுதோறும் நாடாளுமன்றத் தேர்தல் ஆகியவற்றுடன் மேலும் இரண்டு கோரிக்கைகள் இடம்பெற்றன: நாடாளுமன்ற உறுப்பினராவதற்குச் சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினர்களுக்குச் சம்பளம் வழங்க வேண்டும்.

கடைசி இரண்டும் வேட்பாளரைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் மாவட்டத் தொகுதியில் நிற்க விரும்புபவருக்கு ஆண்டுக்கு 600 பவுன் வருமானமும், நகரத் தொகுதியில் நிற்க 300 பவுன் வருமானமும் தரும் சொத்து வேண்டும் என்பது சட்டம். இரகசியமாக வாக்களிக்க உரிமை கிடைத்தாலும், சீட்டில் இருப்பவை இரண்டு முதலாளிகளின் பெயர்கள் என்றால் தொழிலாளிக்கு என்ன பயன்? வாக்குரிமையையும் நிற்கும் உரிமையையும் ஒரே மூச்சில் கேட்டதில்தான் சாசன இயக்கத்தின் வர்க்கத் தெளிவு இருக்கிறது.

ஆளும் வர்க்கம் இவற்றைத் தவணை முறையில்தான் கொடுத்தது. சொத்துத் தகுதி 1858இல் ஒழிந்தது. இரகசிய வாக்கெடுப்பு 1872இல் வந்தது. உறுப்பினர்களுக்குச் சம்பளம் 1911இல்தான் வந்தது. ஆண்டு நாடாளுமன்றம் இன்றுவரை வரவில்லை.

1872ஆம் ஆண்டுச் சட்டம் வந்த விதமும் பாடம் தருவது. அதற்கு முன் வாக்காளர் எழுந்து நின்று தன் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது ஏட்டில் பதியப்படும். 1868 தேர்தலில் நிலக்கிழார்களின் விருப்பத்திற்கு மாறாக வாக்களித்த வேல்ஸ் நாட்டுக் குத்தகை விவசாயிகள் பலர் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். அந்த அநீதி எழுப்பிய குரலும் இச்சட்டத்திற்கு ஒரு காரணம். புதிய முறையின் முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1872 ஆகஸ்ட் 15 அன்று பாண்ட்டிஃபிராக்ட் நகரில் நடந்த இடைத்தேர்தலாகும்.

அதே சட்டம் வேட்பாளர் நியமன முறையையும் மாற்றியது. முன்பு பொதுவெளி மேடையில், கூச்சலுக்கும் சாராயத்திற்கும் நடுவே, கை தூக்கச் செய்து நியமனம் நடந்தது. இனி எழுத்து மூலம் மனு அளித்தால் போதும். முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர், இசைவு தெரிவிப்பவர் எண்மர் கையெழுத்திட வேண்டும் என்று ஆயிற்று. 1874 பொதுத் தேர்தலில் அயர்லாந்தின் தன்னாட்சிக் கட்சியினர் சுமார் 60 இடங்களைப் பிடித்தனர். சுரங்கத் தொழிலாளர் தலைவர்களான தாமஸ் பர்ட், அலெக்சாண்டர் மெக்டொனால்டு ஆகிய இருவரும் நாடாளுமன்றத்திற்குள் நுழைந்தனர்.

இந்த வெற்றிகளுக்கு இரகசிய வாக்கு மட்டுமே காரணம் எனக் கூறுவது சரியாகாது. 1867இல் நகரத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் வாக்குரிமை பெற்றிருந்தனர். அதைவிட முக்கியமாக, பர்ட்டுக்கு நார்தம்பர்லாண்டு சுரங்கத் தொழிலாளர் சங்கம் சம்பளம் அளித்தது. திரைக்குப் பின்னால் வாக்களிக்கத் தொழிலாளர் இருந்தனர். திரைக்கு முன்னால் நின்றவருக்குச் சோறு போடச் சங்கம் இருந்தது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் தொழிலாளி வேட்பாளரானார்.

அமெரிக்காவில் திரும்பிய கத்தி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா குடியேற்றங்கள் 1856இலேயே அரசு அச்சிட்ட சீட்டில் இரகசியமாக வாக்களிக்கும் முறையைக் கொண்டுவந்தன. 1888இல் அது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சட்டமாகி, சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான மாநிலங்களுக்குப் பரவியது.

அதற்கு முன் அமெரிக்காவில் கட்சிகளே வாக்குச்சீட்டை அச்சிட்டன. சீட்டின் நிறத்தைப் பார்த்தே யார் யாருக்கு வாக்களிக்கிறார் என்று கங்காணி கண்டுகொள்வான். அரசு அச்சிட்ட சீட்டு இந்தக் கண்காணிப்பை உடைத்தது. ஒரே சீட்டில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் இருந்ததால், ஒரு பதவிக்கு ஒரு கட்சியையும் மற்றொரு பதவிக்கு மற்றொரு கட்சியையும் தேர்ந்தெடுக்க வாக்காளரால் முடிந்தது. எனவே கட்சியின் பெயரோடு வேட்பாளரின் சொந்தப் பெயருக்கும் எடை கூடியது.

ஆனால், சீட்டை அரசு அச்சிடுவதென்றால், அதில் யார் பெயர் இடம்பெறலாம் என்பதையும் அரசே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. முன்பு சிறு கட்சி ஒன்று சொந்தச் செலவில் சீட்டு அச்சிட்டு வீதியில் கொடுத்துவிடலாம். இப்போது இத்தனை வாக்காளரின் கையெழுத்து, இத்தனை நாளுக்கு முன் மனு என்ற நிபந்தனைகள் எழுந்தன. பெரிய இரண்டு கட்சிகளின் ஆட்சியில் அந்த நிபந்தனைகள் சிறு கட்சிகளுக்கு எதிரான மதிலாக வளர்ந்தன. தெற்கு மாநிலங்களில், எழுதப் படிக்கத் தெரியாத கறுப்பின மக்களை வாக்குச்சாவடியிலிருந்து விலக்கவும் அச்சிட்ட சீட்டு பயன்படுத்தப்பட்டது. நல்ல சீர்திருத்தமும் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பலன் தரும்.

குடவோலையும் இரும்புப் பெட்டியும்

இரகசிய வாக்கு என்றதும் தமிழர் மேடைகளில் உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுகூரப்படுவதுண்டு. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். இது வாக்கெடுப்பு அல்ல, சீட்டுக்குலுக்கல். இன்றைய பேச்சுக்கு வேண்டியது குடத்தில் பெயர் இடம்பெறுவதற்கான தகுதிதான்: கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35க்கு மேல் 70க்குக் கீழ் வயது, வேதப் பயிற்சி. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர் என்பது பாராட்டத்தக்கது. ஆயினும் அந்தப் பிரமதேயத்தின் உழுகுடிக்குக் குடத்தில் இடமில்லை. குடத்தில் போடப்படும் ஓலையை யார் தீர்மானிக்கிறார்களோ அவர்களே ஆள்கிறார்கள் என்பதற்கு ஆயிரம் ஆண்டு பழமையான சான்று இது.

குடியரசு இந்தியா வேறு வழியில் தொடங்கியது. 1951-52 முதல் பொதுத் தேர்தலில் சுமார் 17 கோடி வாக்காளர்கள் இருந்தனர். பெரும்பான்மையோருக்கு எழுத்தறிவு இல்லை. அமெரிக்கத் தென் மாநிலங்களைப் போல அவர்களை விலக்காமல், சின்னங்களைக் கொண்டு அவர்களை உள்ளே அழைத்தது சுகுமார் சென் தலைமையிலான தேர்தல் ஆணையம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி மறைவிடத்தில் வைக்கப்பட்டது. சுமார் 25 லட்சம் பெட்டிகள் செய்யப்பட்டன. வாக்குச்சீட்டில் எந்தக் குறியும் இடவேண்டியதில்லை. அதனால் ஒரு கேடும் விளைந்தது. சீட்டைப் பெட்டியில் போடாமல் வெளியே கொண்டுவந்து காசுக்கு விற்க முடிந்தது. பணமுள்ள வேட்பாளருக்கு அது வசதியாயிற்று. பெயரும் சின்னமும் அச்சிட்ட ஒரே சீட்டில் முத்திரையிடும் முறை 1962 பொதுத் தேர்தலில் நிலைபெற்றது.

மேலவளவும் பாப்பாபட்டியும்

இரகசிய வாக்கு இருந்தும் வேட்பாளர் இல்லாமற்போன வரலாறு தமிழகத்தின் மதுரை மாவட்டத்தில் இருக்கிறது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. மனு செய்தவர்கள் மிரட்டப்பட்டு விலகினர், தேர்தல் நின்றது. மீண்டும் அறிவிக்கப்பட்டபோது வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. பின்னர் காவல் பாதுகாப்புடன் நடந்த தேர்தலில் வென்று தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கு வாக்களித்தவர் யார் யார் என்று கொலைகாரர்களுக்குத் தெரிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. நின்றவர் யார் என்பது தெரிந்திருந்தது; அதுவே போதுமானதாயிற்று.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் சாதி ஆதிக்கம் வேறு உத்தியைக் கையாண்டது. பத்தாண்டுக் காலம் அங்கு தலைவர் பதவி செயல்படவே விடப்படவில்லை. எவரும் மனு செய்யாதபடி தடுத்தார்கள். அல்லது தாங்களே ஒருவரை நிறுத்தி, பதவியேற்றவுடன் விலகச் செய்தார்கள். வாக்குச்சாவடியின் மறைவிடத்தை அவர்கள் தொடவே இல்லை. வேட்பு மனு மேசைக்கு வரும் வழியை மறித்தால் வாக்குச்சாவடி தானாகவே பயனற்றுப் போகும் என்பதை அறிந்திருந்தார்கள்.

2006இல் இந்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர். அதற்குப் புதிய தேர்தல் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. இடதுசாரி இயக்கங்களும் தலித் அமைப்புகளும் தொடர்ந்து நடத்திய போராட்டமும், மாவட்ட நிர்வாகம் காட்டிய உறுதியும், மனு செய்பவர் தனியாள் இல்லை என்ற நிலையை உருவாக்கியதும்தான் மாற்றத்தைக் கொண்டுவந்தன.

டெபாசிட் என்னும் வேலி

மறுபுறம், நிற்கும் உரிமையையே போராட்டக் கருவியாக மக்கள் பயன்படுத்திய வரலாறும் உண்டு. 1996இல் தமிழகத்தின் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் களத்தில் இருந்தனர். வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சிடப்பட்டது. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேரும் ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேரும் நின்றனர். அரசு இதற்குக் கண்ட மருந்து என்ன? அதே ஆண்டில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. டெபாசிட் மக்களவைக்கு 500 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும், சட்டமன்றத்திற்கு 250 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும் உயர்ந்தது. அங்கீகரிக்கப்படாத கட்சிகளின் வேட்பாளர்களுக்கும் சுயேச்சைகளுக்கும் பத்து முன்மொழிவோர் வேண்டும் என்றானது. பின்னர் இத்தொகை முறையே 25,000, 10,000 என மேலும் உயர்த்தப்பட்டது. தலித், பழங்குடி வேட்பாளருக்குப் பாதி.

இந்த வேலியைத் தாண்டியும் 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றனர். மஞ்சள் வாரியமும் கட்டுப்படியான விலையும் கோரிய 170க்கும் மேற்பட்ட விவசாயிகள் அவர்களில் அடங்குவர். கூட்டாகத் திரண்டால் 25,000 ரூபாய் வேலியையும் கடக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். தனியாக நிற்கும் ஏழைக்கோ அது கடக்க முடியாத மதில்.

மறைவு யாருக்கு, வெளிச்சம் யாருக்கு?

2003இல் மாநிலங்களவைத் தேர்தலில் இரகசிய வாக்கெடுப்பு நீக்கப்பட்டு வெளிப்படை வாக்கெடுப்பு கொண்டுவரப்பட்டது. சட்டமன்ற உறுப்பினர் தமது சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டியபின்தான் பெட்டியில் இடவேண்டும். போதிய கட்சி பலம் இல்லாமலே பணப்பெட்டியை நம்பி நிற்கும் செல்வந்தர்களைத் தடுப்பதே இதன் நோக்கம் என்று சொல்லப்பட்டது. அதே திருத்தம், வேட்பாளர் அந்தந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டது. குல்தீப் நய்யார் தொடுத்த வழக்கில் 2006இல் உச்சநீதிமன்றம் இரண்டையும் ஏற்றது. பணம் ஒழிந்ததா? 2012 மார்ச்சில் ஜார்க்கண்டில், வாக்குப்பதிவு நாளன்று காரில் கோடிக்கணக்கான ரூபாய் பிடிபட்டு, மாநிலங்களவைத் தேர்தலே ரத்தானது.

2013 செப்டம்பர் 27 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி ப.சதாசிவம் தலைமையிலான அமர்வு, யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவரின் இரகசியமும் காக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்து நோட்டாவைக் கொண்டுவரச் செய்தது. இதனால் கட்சிகள் நல்ல வேட்பாளரை நிறுத்த நிர்ப்பந்திக்கப்படும் என்ற எதிர்பார்ப்பும் அத்தீர்ப்பில் உண்டு. பிடிக்காதவரை மறுக்க நோட்டா உதவும். தேவையானவரை நிறுத்த அது உதவாது. அந்த வேலை அமைப்புக்குரியது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நெறி புலப்படும். அதிகாரத்தின் கீழ் வாழ்பவருக்கு மறைவு வேண்டும். மக்களின் பெயரால் வாக்களிக்கும் பிரதிநிதி மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இதைத் தலைகீழாக்குவதே ஆளும் வர்க்கத்தின் வழக்கம்.

ஆலைக்குள் வரும்போது

2016 ஏப்ரலில் வருங்கால வைப்புநிதியைத் திரும்பப் பெறக் கட்டுப்பாடு விதித்த ஒன்றிய அரசின் ஆணையை எதிர்த்து, பொம்மனஹள்ளி, ஓசூர் சாலை உட்படப் பெங்களூரின் பல பகுதிகளில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாக வீதிக்கு வந்தனர். பெரும்பாலோர் பெண்கள். இரண்டே நாளில் அரசு பின்வாங்கியது. கூட்டமும் ஒருவகைத் திரைதான். அதற்குள் எவருடைய பெயரும் தனித்துத் தெரியாது. ஆனால் கூட்டம் கலைந்தபின் பேச்சுவார்த்தை மேசையில் அமர ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரைக் கொடுக்கும் இடத்தில்தான் அச்சம் தொடங்குகிறது.

சட்டம் இந்த அச்சத்தைக் குறைத்திருக்கிறதா? 1958ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதித்தொகுப்பின் காலம் முதல் சங்க அங்கீகாரத்திற்கு உறுப்பினர் சரிபார்ப்பே வழியாக இருந்தது. எந்தத் தொழிலாளி எந்தச் சங்கம் என்பது அதில் வெளிப்பட்டுவிடும். 1995இல் இந்திய உணவுக் கழக ஊழியர் சங்க வழக்கில் உச்சநீதிமன்றம் இரகசிய வாக்கெடுப்பிற்கான நெறிமுறைகளை வகுத்தது. ரயில்வேயில் 2007, 2013, 2024 ஆண்டுகளில் அவ்வாறு தேர்தல்கள் நடந்தன. கேரளம் 2010இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

வேட்பாளரின் நிலைமை எதிர்த்திசையில் சென்றது. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அமைப்புசார் துறைச் சங்கங்களில் வெளியாட்கள் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐவர், இவற்றில் எது குறைவோ அவ்வளவே நிர்வாகிகளாகலாம். மற்றவர் அனைவரும் அதே நிறுவனத்தில் அல்லது தொழிலில் பணிபுரிபவராக இருக்க வேண்டும். பழிவாங்க முடியாத வெளித் தலைவரின் மறைப்பு சுருங்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், பதிவேட்டிலுள்ள தொழிலாளரில் 51 சதவீத ஆதரவு பெற்ற சங்கத்தையே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி அந்தப் பதிவேட்டுக்கு வெளியே நிற்கிறார். குறித்தகால வேலையில் இருப்பவர் வேட்பாளராக நின்றால் அவரை நீக்க வேண்டியதுகூட இல்லை. காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டால் போதும். அது ஆட்குறைப்பு ஆகாது என்று அதே சட்டம் சொல்கிறது.

ஆகவே, தோழர்களே, இரகசிய வாக்கெடுப்புக் கோரிக்கையோடு வேட்பாளர் பாதுகாப்பையும் இணைத்தே முன்வைக்க வேண்டும்.

முதலாவதாக, ஒருவரை மட்டும் முன்னிறுத்தும் பழக்கம் கைவிடப்பட வேண்டும். ஒவ்வொரு பிரிவிலிருந்தும், ஒவ்வொரு ஷிப்டிலிருந்தும், ஒரே நாளில், ஒரே நேரத்தில் பலர் மனு செய்ய வேண்டும். ஒருவரை இடமாற்றம் செய்வது நிர்வாகத்திற்கு எளிது. முப்பது பேரை அவ்வாறு செய்வது எளிதன்று.

இரண்டாவதாக, பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் பட்டியலை உரிய காலத்தில் நிர்வாகத்திடம் அளிக்க வேண்டும். தொழிலாளர் எண்ணிக்கையில் ஒரு சதவீதத்தினருக்கு, குறைந்தது ஐவருக்கு, அதிகபட்சம் நூறு பேருக்கு இந்தப் பாதுகாப்பு பழைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது; புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. பட்டியலே கொடுக்காமல் காலத்தைக் கடத்துவது சங்கங்களின் குறைபாடு.

மூன்றாவதாக, பிரிவு வாரியாக வாக்குகளை எண்ணக் கூடாது. எல்லாப் பெட்டிகளையும் கலந்தபின் எண்ண வேண்டும். சாவடி வாரி எண்ணிக்கையால் எந்தத் தெரு எப்படி வாக்களித்தது என்பது வெளிப்படுவதைத் தடுக்க, மின்னணு இயந்திரங்களின் வாக்குகளைக் கூட்டி எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே பரிந்துரைத்தது. சட்ட ஆணையம் 2015இல் ஆதரித்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. ஆலைத் தேர்தலில் இதைச் செய்ய எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு பெரிய மேசை போதும்.

நான்காவதாக, வேலை இழக்கும் வேட்பாளரின் குடும்பத்திற்கான நிதியைத் தேர்தலுக்கு முன்பே திரட்ட வேண்டும். நார்தம்பர்லாண்டு சுரங்கத் தொழிலாளர் 150 ஆண்டுகளுக்கு முன் செய்தது அதைத்தான். கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்து வாடகை வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிக்கு, இரண்டு மாதச் சம்பளம் நின்றால் ஊர் திரும்புவதைத் தவிர வழியில்லை. அவருக்குத் துணிவைப் பற்றிப் பேசுவதற்கு முன் வாடகையைப் பற்றிப் பேச வேண்டும்.

ஐந்தாவதாக, ஒப்பந்தத் தொழிலாளரும், கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா பேசுவோரும், பெண்களும் வேட்பாளர் பட்டியலில் இடம்பெற வேண்டும். பதிவேடு அவர்களை விலக்கினாலும் சங்கத்தின் அமைப்பு விதி விலக்கக் கூடாது.

திரைக்குப் பின்னால் வாக்களிக்கும் உரிமையைத் தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்றது. திரைக்கு முன்னால் வந்து நிற்பவருக்கு வேலையும் கூலியும் உயிரும் பாதுகாப்பாக இருக்கும் நிலையை இனிப் போராடிப் பெற வேண்டும். அடுத்த சங்கத் தேர்தலின் அறிவிப்பு ஆலையின் பலகையில் ஒட்டப்படும் நாளுக்குள், ஒவ்வொரு கிளையும் மனு செய்யப்போகிறவர்களின் பட்டியலையும், அவர்களுக்கான நிதியையும், அவர்களோடு உடன் நிற்பவர்களின் பெயர்களையும் ஆயத்தமாக வைத்திருக்கட்டும்.